மண்டபம் கடல் நீருக்கு எந்த ஃப்ளோ சைட்டோமீட்டர்?

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடா பச்சையாக மாறி, பாம்பன், மண்டபம் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். நாக்டிலூகா என்ற நுண்ணுயிரியின் பெருக்கம் அது. மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். இந்தக் கடலில் நுண்பாசிகளைத் தொடர்ந்து எண்ணிக் கண்காணிக்க வேண்டும் என்று சொல்பவர்களில் நானும் ஒருவன். அதற்கு மேஜைமேல் வைக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் நல்ல கருவி. நீரிலுள்ள செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு, அவை சிதறடிக்கும் ஒளியையும் உமிழும் ஒளியையும் வைத்து எண்ணுவது அது. ஆனால் வாங்கும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: நாக்டிலூகாவையே இதில் எண்ண முடியாது. ஒரு செல் 200 மைக்ரானிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். இந்தக் கருவிகளின் குழாய்க்குள் நுழையாது, நுழைந்தால் அடைத்துவிடும். அதற்கு மைக்ராஸ்கோப்புதான். சைட்டோமீட்டர் காட்டுவது அதைவிடச் சிறிய பாசிகளும் பாக்டீரியாவும் வாரத்துக்கு வாரம் எப்படிக் கூடிக் குறைகின்றன என்பதை.

விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் படுவது, கருவி எத்தனை நிற ஒளிர்வைப் பிரித்துப் பார்க்கும் என்பதுதான். ரத்தப் புற்றுநோயை வகை பிரிக்கும் மருத்துவமனை ஆய்வகத்துக்கு அது முக்கியம். கடல் பாசியோ நிறத்தைத் தன்னோடே கொண்டு வருகிறது. 488 நானோமீட்டர் நீல லேசர் பட்டால் பச்சையம் 670-க்கு மேல் சிவப்பாக ஒளிரும். சினெகோகாக்கஸ் என்ற மிகச் சிறிய நீலப்பச்சை நுண்ணுயிரியில் இருக்கும் ஃபைகோஎரித்ரின் நிறமி 575 பக்கம் ஆரஞ்சாக ஒளிரும். பாக்டீரியாவுக்கு சைபர் கிரீன் சாயம் போட்டால் பச்சை. மூன்று நிறத்தில் வேலை முடிந்தது. அப்புறம் கருவிக்குக் கருவி மாறுவது, தண்ணீரை எப்படி ஓட்டுகிறது என்பதுதான்.

பிடி நிறுவனத்தின் அக்யூரி சி6 பிளஸ் நீலம், சிவப்பு என இரண்டு லேசர், நான்கு நிறம். டிடெக்டர் மின்னழுத்தம் நிலையாக இருப்பதால் போன மாதக் கணக்கையும் இந்த மாதக் கணக்கையும் நேராகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புதிதாக வரும் மாணவர் சீக்கிரம் கற்றுக்கொள்வார். குறை வேகத்தில்: அதன் வேகமான அமைப்பே நிமிடத்துக்கு 66 மைக்ரோலிட்டர்தான்.

தெர்மோ ஃபிஷரின் அட்யூன் என்எக்ஸ்டி நேர் எதிர். ஒலி அலையால் செல்களை நடுக்கோட்டுக்குத் தள்ளுவதால் நிமிடத்துக்கு 1,000 மைக்ரோலிட்டர் வரை ஓடும். தீவுகளைத் தாண்டிய தெளிந்த நீரில், ஒரு மில்லிலிட்டருக்கு 100 செல் மட்டுமே உள்ள ஒரு பாசியை எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு நிமிடத்தில் அக்யூரி ஏறக்குறைய 26 செல் பார்க்கும். அட்யூன் 400 பார்க்கும். 26-ஐ வைத்து, கூடியிருக்கிறது குறைந்திருக்கிறது என்று யாரும் துணிந்து சொல்ல முடியாது. அட்யூனின் சிரிஞ்ச் பம்ப் அளந்து உறிஞ்சுவதால் மில்லிக்கு எத்தனை என்பதும் நேரடியாகக் கிடைக்கும். ஆனால் ஒலி அலையின் பிடி செல்லின் பருமனைப் பொறுத்தது. ஒரு மைக்ரான் அளவுள்ள சினெகோகாக்கஸுக்கு அந்தப் பலன் குறைவு. வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிக் கிடக்கும்போது அந்த வேகமும் உதவாது. வண்டல் துகள்கள் கூட்டமாக வந்து ஒன்றோடொன்று சேர்ந்து பதிவாகும். எந்தக் கருவியானாலும் கலங்கல் நீருக்கு ஒளிச்சிதறலை விட்டுவிட்டு, சிவப்பு ஒளிர்வு வந்தால் மட்டும் பதிவு செய் என்று வாசலை வைக்க வேண்டும். பச்சையம் இல்லாத மண் அதிலேயே கழிந்துவிடும்.

பெக்மன் கூல்ட்டரின் சைட்டோஃப்ளெக்ஸ்தான் என் தேர்வு. வழக்கமான ஒளிப்பெருக்கிக் குழாய்க்குப் பதில் அவலாஞ்ச் ஃபோட்டோடயோடு என்ற ஒளி உணரி வைத்திருக்கிறார்கள். சிவப்பில் அதன் உணர்திறன் அதிகம், நமக்கு வேண்டியதும் சிவப்புதான். 405 நானோமீட்டர் ஊதா லேசர் உள்ள மாடலில் பக்கச்சிதறலை (செல்லில் பட்டுப் பக்கவாட்டில் சிதறும் ஒளியை) அந்த லேசரிலேயே அளக்கலாம். அலைநீளம் குறையக் குறைய மிகச் சிறிய துகளும் தெளிவாகச் சிதறும் என்பதால், பாக்டீரியா கருவியின் பின்னணி இரைச்சலிலிருந்து பிரிந்து திரையில் தனிப் புள்ளித் திட்டாகத் தெரியும். முதலில் குறைந்த நிறச் சேனலோடு வாங்கி, பணம் வந்த பிறகு கூட்டிக்கொள்ளவும் வழி உண்டு. பெரிஸ்டால்டிக் பம்ப் என்பதால் ரப்பர் குழாய் தேயத் தேய அளவு மாறும். கன அளவுத் திருத்தத்தை ஒழுங்காகச் செய்யாவிட்டால் மில்லிக்கு எத்தனை என்ற கணக்கு மெல்ல நழுவிப் போகும்.

குவாவா ஈஸிசைட் கருவிக்கு ஷீத் திரவமே (மாதிரியைச் சூழ்ந்து ஓடி அதை நடுவில் நிறுத்தும் திரவம்) வேண்டாம், நுண்குழாயிலேயே மாதிரி ஓடும். கழிவு மிகக் குறைவு. மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் தீவனத்துக்கு வளர்க்கும் ஐசோகிரைசிஸ் பாசியின் அடர்த்தியைத் தினம் பார்க்க இது போதும், அங்கே இதைத்தான் சொல்வேன். திறந்த கடல் நீரின் மிகச் சிறு செல்களுக்குச் சொல்ல மாட்டேன்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் நீரை ஓட்டிவிட்டு அப்படியே மூடிப் போனால், மறுநாள் உறிஞ்சுகுழல் முனையில் வெள்ளைப் படிகம் கட்டியிருக்கும்; பம்ப் சத்தமே மாறிவிடும். கடைசி மாதிரிக்குப் பிறகு வடிநீரும் சுத்திகரிப்புத் திரவமும் ஓடியே ஆக வேண்டும். உப்புக் காற்றடிக்கும் ஊரில் ஏசியும் யூபிஎஸ்ஸும் கருவியின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டியவை.

டெமோவுக்கு வரும் நிறுவனத்தார் பிளாஸ்டிக் பீட்ஸ் ஓட்டிக் காட்டுவார்கள். எல்லாக் கருவியிலும் அழகாகத்தான் தெரியும். தென்கடலில் (மன்னார் வளைகுடா) ஒரு பாட்டில், வடகடலில் ஒரு பாட்டில் அன்று காலையே எடுத்து, 40 மைக்ரான் வலையில் வடிகட்டிக் கையில் கொடுங்கள். ஆரஞ்சில் சினெகோகாக்கஸ் திட்டு இரைச்சலை விட்டு விலகி நிற்கிறதா என்று திரையில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.