டர்ஃப் சப்பாத்து: உதைபந்தும் கிரிக்கெட்டும் விளையாடும் பிள்ளைக்கு ஒரே சோடி போதுமா?

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ விளையாட்டுச் சாமான் கடையில் "டர்ஃப்" என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். அடியில் நீளக் கட்டைகள் இருக்காது. உயரம் குறைந்த றப்பர் குமிழ்கள் முன்னிருந்து குதிவரை நெருக்கமாகப் பதிந்திருக்கும். செயற்கைப் புல்லில் உதைபந்து விளையாடுவதற்காகச் செய்த சப்பாத்து இது. வன்னியில் செயற்கைப் புல் எங்கே என்று கேட்பீர்கள். கோடையில் இறுகிக் கிடக்கும் எங்கள் கிரவல் மைதானத்துக்கும், கொங்கிறீற்றில் மற்றிங் பாய் விரித்த கிரிக்கெட் ஆடுகளத்துக்கும் கடையில் கிடைப்பவற்றுள் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரே பருவத்தில் இரண்டு ஆட்டமும் ஆடுகிற பிள்ளைக்கு ஒரு சோடி வாங்கத்தான் வீட்டில் காசு இருக்கிறதென்றால் இதையே வாங்குங்கள். பிள்ளை வேகப்பந்து வீசுபவர் என்றால் மட்டும் கூடவே ஒரு வேலை செய்ய வேண்டும்.

கட்டை வைத்த உதைபந்துச் சப்பாத்து காய்ந்த நிலத்தில் புதையாது. உடம்பின் பாரம் முழுவதும் பத்துப் பன்னிரண்டு கட்டைகளில் நிற்கும். இரண்டு கிழமைக்குள் பெருவிரல் அடியும் குதியும் நோகத் தொடங்கும். அதே கட்டை மற்றிங்கில் கொளுவி ஆளையும் விழுத்தும். இரும்பு ஸ்பைக் உள்ள கிரிக்கெட் சப்பாத்து மற்றிங்கைக் கிழித்துவிடும், உதைபந்தில் அதோடு இறங்க நடுவர் விடமாட்டார். ஓட்டச் சப்பாத்துக்குக் குதியில் மெத்தை நல்லதுதான், ஆனால் அது நேராக ஓடுவதற்கு மட்டும் செய்தது. பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது பாதம் உள்ளே வழுக்கும், உள்பாதத்தால் பந்தை அடிக்க அடிக்கப் பக்கத்து வலைத்துணி பிய்ந்துவிடும்.

இரண்டு ஆட்டமும் ஒரே காலிடம் கேட்பது வேறு வேறு. அவுஸ்திரேலியாவின் எலிஸ் பெரி 2007 இல், 16 வயதில், கிரிக்கெட்டிலும் உதைபந்திலும் தேசிய அணிக்கு இறங்கியவர். 2010 மே மாதம் பார்படோஸில் நடந்த மகளிர் ரி20 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தை வீசியவரும் அவர்தான். நியூசிலாந்துக்கு வெற்றிக்கு 5 ஓட்டம் தேவை. துடுப்பில் நின்ற சோபி டிவைனும் தன் நாட்டுக்கு ஹொக்கி ஆடியவர். டிவைன் நேரே ஓங்கி அடித்த பந்து எல்லையை நோக்கிப் பாய, பெரி வலது காலை நீட்டினார். பந்து காலில் பட்டு மிட் ஓனில் நின்ற களத்தடுப்பாளர் பக்கம் திரும்பியது, அவுஸ்திரேலியா 3 ஓட்டங்களால் வென்றது. அடுத்த வருடம் ஜேர்மனியில் நடந்த உதைபந்து உலகக் கிண்ணத்தின் காலிறுதியில் சுவீடனுக்கு எதிராக இடது காலால் அவர் அடித்த கோலையும் தேடிப் பாருங்கள். பந்தை உணரும் கால் உதைபந்துக்கு வேண்டும். அதற்கு அடி மெல்லியதாக இருக்க வேண்டும். வேகப்பந்து வீசும்போது முன்கால் நிலத்தில் அறையும் வேகத்தில் உடல் எடையின் பல மடங்கு அதில் இறங்குகிறது. அதற்கு அடி தடித்திருக்க வேண்டும். டர்ஃப் சப்பாத்து முதலாவதை நன்றாகச் செய்கிறது, இரண்டாவதில் தவறுகிறது.

அந்தக் குறையைத் தீர்க்க இன்னொரு சோடி தேவையில்லை, இன்னொரு உள்தட்டு போதும். சப்பாத்தோடு வரும் மெல்லிய உள்தட்டை உதைபந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பந்துவீச்சு நாளில் அதைக் கழற்றிவிட்டு, குதியில் மெத்தை உள்ள தடித்த உள்தட்டைப் போடுங்கள். பழையதன் மேல் புதியதைப் போடக் கூடாது: குதி உயர்ந்து சப்பாத்தின் விளிம்புக்கு மேலே வந்துவிடும், கணுக்கால் பிரளும். தட்டின் முன்பக்கம் விரலை நெருக்கினால் பழைய தட்டை மேலே வைத்துக் கோடு கீறிக் கத்தரியுங்கள். ஒரு சோடியாகவே மாற்றுங்கள், ஒரு காலுக்கு மட்டும் தடித்த தட்டு வைத்தால் இடுப்பு நோகும்.

அளவு எடுப்பதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. பின்னேரம் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது அளக்க வேண்டும். விளையாட்டுக் காலுறையைப் போட்டுக் கடதாசியில் எழும்பி நின்று, குதியின் முனையையும் நீண்ட விரலின் முனையையும் குறியுங்கள். அந்த நீளத்தோடு உதைபந்துக்கு மட்டும் என்றால் 5 மில்லிமீற்றரும் பந்துவீச்சுக்கு 10 மில்லிமீற்றரும் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சோடி என்றால் 8 வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது, பெரியதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வலக்கை வீச்சாளருக்கு இடது பெருவிரல் ஒவ்வொரு பந்துக்கும் முன்னுக்குப் போய் முட்டும், இடமில்லாவிட்டால் நகம் கறுத்து விழும். இதற்காகவே சப்பாத்தின் முனையில் ஓட்டை வெட்டிக்கொண்டு விளையாடிய பெரிய வீச்சாளர்கள் இருக்கிறார்கள். வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு கூட்டி வாங்காதீர்கள். பதினாலு பதினைந்து வயதில் பெரும்பாலான பெண் பிள்ளைகளின் பாதம் வளர்ந்து முடிகிற நேரம், பெரிய சப்பாத்து கொப்புளத்தைத்தான் தரும்.

கடைக்கு வருவதில் அதிகம் ஆண்களின் அச்சில் செய்தவை. முன்பக்கம் பொருந்தினாலும் பெண் பிள்ளைகளுக்குக் குதி தளரும். சின்ன அளவுக்கு மாறினால் விரல் நசியும். லேஸை மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும்: மேலே கடைசியாக ஒரு மேலதிகத் துளை இருக்கும், லேஸை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் செருகிச் சிறு வளையம் விடுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள்ளால் விட்டு, கீழ்நோக்கி இழுத்து முடியுங்கள். குதி அசையாது.

கடையிலேயே பார்க்க வேண்டியவை சில. முனையையும் குதியையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும், நடுப்பாதத்தில் மடிந்தால் திருப்பி வையுங்கள். முன்முனையைச் சுற்றி அடியோடு சேர்த்துத் தையல் ஓடுகிறதா என்று பாருங்கள். பசை மட்டும் போட்டது வன்னி வெயிலுக்கு நிற்காது. சைக்கிள் கரியரிலோ தகரக் கூரையிலோ மத்தியானம் காயவிட்டால் பசை இளகி, அடுத்த ஆட்டத்தில் முனை வாயைத் திறக்கும். கழுவிய சப்பாத்துக்குள் கடதாசி திணித்து நிழலில் காயவிட வேண்டும். வாளியில் ஊறப்போடாதீர்கள். தூரிகையால் புழுதியைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்தால் காணும். கிணற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்தால் காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் படிந்து துணி மொரமொரக்கும்.

வலக்கை வீச்சாளரின் வலதுகால் முனை நிலத்தில் இழுபட்டுச் சீக்கிரம் தேயும். ஓட்டை விழும்வரை பார்த்திருக்காமல், வாங்கிய கிழமையிலேயே சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து முனையில் தோலோ மெல்லிய றப்பரோ வைத்துத் தைத்துவிடுங்கள். ஒட்டினால் போதாது, தைக்க வேண்டும். மாடு மேய்கிற மைதானங்களில் நெருஞ்சி முள் குமிழ்களுக்கு இடையில் ஏறி நிற்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் சாவி நுனியால் தோண்டி எடுங்கள், விட்டால் அழுத்த அழுத்த உள்ளே ஏறி ஒரு நாள் பாதத்தில் குத்தும்.

மாரியில் இந்தச் சப்பாத்தை நம்ப வேண்டாம். வயல்பக்கத்துக் களி மண் குமிழ்களின் இடுக்கை நிரப்பிவிடும், பிறகு தட்டையான அடியோடு சறுக்கத்தான் செய்யும். ஈரப் புல்லில் உதைபந்துக்குக் கட்டை உள்ளதே வேண்டும். பாடசாலை அணி இரண்டு மூன்று பொது அளவுகளில் கட்டைச் சப்பாத்து வாங்கி வைத்து மாரிக்கு மட்டும் கொடுப்பது நல்ல வழி. வலைப்பந்துக்கும் இதைப் போடாதீர்கள். சீமெந்துத் தளத்தில் குமிழ் இறுகப் பிடிக்கும், பாய்ந்து பந்தைப் பிடித்து உடம்பைத் திருப்பும்போது பாதம் நின்றுவிட முழங்கால் முறுகும். குமிழும் ஒரு பருவத்துக்குள் தேய்ந்துவிடும்.

எட்டிலிருந்து பதினாலு வயதுக்குள் உள்ள பிள்ளை ஆட்டம் முடிந்து குதி நோகிறது என்றால், குதியின் இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கூச்சமாக நொந்தால் அது பெரும்பாலும் வளர்கிற எலும்பின் நோவு. புதுச் சப்பாத்து அதைத் தீர்க்காது. ஒரே நாளில் பந்துவீச்சையும் உதைபந்துப் பயிற்சியையும் வைக்காமல் ஒன்றை நிறுத்துங்கள், மெத்தை உள்தட்டைப் போடுங்கள், நோ தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டு ஆட்டத்தின் பயிற்றுவிப்பாளர்களும் ஒருவரோடொருவர் பேசாத பாடசாலைகளில் இந்த நோ அதிகம் வருகிறது. சிலவேளை பிள்ளை பயத்தில் இருவரிடமும் சொல்வதில்லை.

சப்பாத்தை எப்போது மாற்றுவது? பெருவிரலின் கீழும் குதியின் வெளிப்பக்கமும் உள்ள குமிழ்கள் முதலில் மழுங்கும். அந்த இரண்டு இடமும் வழுவழுப்பானால் உதைபந்துக்கு முடிந்தது. துடுப்பெடுத்தாடவும் களத்தடுப்புக்கும் இன்னும் சில மாதம் ஓடும். பந்துவீச்சுக்கு அளவுகோல் வேறு: சப்பாத்தை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அன்றோடு நிறுத்துங்கள். பதினாறு வயதுக்கு மேல் மாவட்ட அணிக்கு வீசப்போகும் பிள்ளைக்கு அடுத்ததாக வாங்க வேண்டியது றப்பர் அடியுள்ள பந்துவீச்சுச் சப்பாத்து.