ஸ்ட்ரட் பார்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

முன்சக்கர இழுவை கொண்ட சாதாரண ஹேட்ச்பேக் என்னுடையது. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்தரம்). பானெட்டுக்கு அடியில் ஸ்ட்ரட் பார், அதாவது இரண்டு ஸ்ட்ரட்டுகளின் உச்சிகளையும் குறுக்கே இணைக்கும் கம்பி, மாட்டிச் சில வருடங்கள் ஓட்டியாகிவிட்டது. இடையில் வேறு வேலைகளுக்காக அதைக் கழற்றி, பார் இல்லாமலும் அவ்வப்போது ஓட்டியிருக்கிறேன். அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது. ஸ்டீயரிங்கை நடுவிலிருந்து திருப்பத் தொடங்கும் கணத்தில் வித்தியாசம் தெரிகிறது. டயர் பிடிமானத்தில் எதுவும் தெரியவில்லை. சொகுசு கூடவில்லை, சில இடங்களில் லேசாகக் குறைந்தும் இருக்கிறது.

மெக்பெர்சன் அமைப்பில், சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கைகளில் கீழ் ஆர்ம் மட்டும்தான், மேல் ஆர்ம் கிடையாது. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையில் ஒரு பங்கை ஸ்ட்ரட்டே செய்கிறது. 1950-களின் தொடக்கத்தில் ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்த காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. செலவு குறைவு, இடமும் மிச்சம். ஆனால் ஸ்ட்ரட்டின் உச்சி போய் உட்காரும் டவர், கீழிருந்து வரும் எடையோடு பக்கவாட்டு விசையையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. டபுள் விஷ்போன் காரில் அந்தப் பக்கவாட்டு விசையை மேல், கீழ் ஆர்ம்கள் தாங்கள் பொருந்தியிருக்கும் இடங்களிலேயே வாங்கிக்கொள்ளும். அங்கே டவர்களுக்கு நடுவில் பார் போட்டுப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

பாரை மாட்டுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு அலுமினியக் குழாய்களை டவர்களுக்கு நடுவே பொருத்தி, உள் குழாயின் மேல் ஓர் ஓ-ரிங்கை, வெளிக் குழாயின் விளிம்பைத் தொடும்படி நகர்த்தி வைத்தேன். டவர்கள் நெருங்கினால் விளிம்பு ஓ-ரிங்கைத் தள்ளும். டவர்கள் பழைய நிலைக்கு வந்தாலும் ஓ-ரிங் தள்ளப்பட்ட இடத்திலேயே நிற்கும். நல்ல சாலையில் வளைவுகளைக் கொஞ்சம் வேகமாகவே எடுத்துவிட்டு வந்து பானெட்டைத் திறந்தேன். ஓ-ரிங் நகர்ந்ததாகவே தெரியவில்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு பார்த்தால், விளிம்புக்கும் ஓ-ரிங்குக்கும் நடுவே நக நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி.

வளைவில்தான் டவர்கள் அதிகம் நெருங்கும் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் இதுதான் நியாயம். வளைவில் வலது ஸ்ட்ரட், இடது ஸ்ட்ரட் இரண்டிலும் பக்கவாட்டு விசை ஒரே திசையில்தான் வருகிறது. இரண்டு டவர்களும் ஒரே பக்கம் சாய்ந்தால் நடுத்தூரம் மாறாது. பாரும் கூடவே போகும். வெளிப்பக்கச் சக்கரத்தில் சுமை அதிகம் என்பதால் அந்த டவர் கொஞ்சம் கூடுதலாக அசையும். அந்தக் கூடுதலை மறு பக்கத்துக்கும் பகிர்ந்து கொடுப்பதுதான் பாரின் பங்கு. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது கதை வேறு. சக்கரம் ஸ்ட்ரட்டுக்கு வெளியே தள்ளி இருப்பதால், கீழிருந்து வரும் அடி டவரை உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். அப்போது பார் முட்டுக்கொடுக்கிறது.

இன்ஜின் அறை மூடியில்லாத அட்டைப்பெட்டி மாதிரி. பக்கவாட்டில் தள்ளினால் சாய்சதுரமாகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒரு குச்சியை வைத்தால் அந்தச் சாய்வு நிற்காது. குறுக்கே, மூலையைப் பிடித்துக் கட்ட வேண்டும். டவர்களிலிருந்து ஃபயர்வாலுக்கும் (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) கை நீட்டும் மூன்று முனை பிரேஸ் அந்த வேலையைச் செய்கிறது. இடம் இருந்தால் நான் அதைத்தான் போட்டிருப்பேன். என் காரில் வைப்பர் மோட்டாரும் பிரேக் பூஸ்டரும் வழியை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

அப்புறம், பார் வரும் பெட்டியின் மேல் விளம்பரமாகப் போட்டிருக்கும் ‘சேஸிஸ் விறைப்பு’. முழு பாடியை ஒரு டிகிரி முறுக்க எத்தனை நியூட்டன் மீட்டர் தேவை என்பதுதான் முறுக்கு விறைப்பின் அளவு. இன்றைய மோனோகாக் (பாடியே சட்டமாகவும் இருக்கும்) கார்களில் அது 20,000-ஐத் தாண்டுவது சாதாரணம். கூரை, தூண்கள், சில் (கதவுக்குக் கீழே ஓடும் பகுதி), தரை, ஒட்டிய முன் கண்ணாடி எல்லாம் சேர்ந்து தரும் விறைப்பு அது. இரண்டு நுனியிலும் போல்ட் போட்ட ஒரு கம்பி அந்தக் கணக்கில் சில்லறை. பாடி முறுங்கினால் கதவு சரியாக உட்காராது என்பதால், ஒரு மூலையை மட்டும் ஜாக்கில் தூக்கி, பின்கதவு மூடும் விதத்தைப் பாருடனும் பார் இல்லாமலும் பார்த்தேன். ஒரே மாதிரிதான் மூடியது.

சரி, ஸ்டீயரிங்கில் என்ன தெரிகிறது? நேராகப் போகும்போது லேன் மாறுவதற்காகக் கையை லேசாகத் திருப்பினால், பார் இல்லாதபோது ஒரு சிறு தயக்கத்துக்குப் பிறகு மூக்கு திரும்பும். பார் இருந்தால் அந்தத் தயக்கம் கொஞ்சம் சுருங்குகிறது. கரடுமுரடான வளைவில், திருப்பிப் பிடித்த ஸ்டீயரிங்கை நடுவில் திருத்த வேண்டிய அவசியமும் குறைகிறது. நகரத்து நெரிசலில் இதெல்லாம் எதுவுமே தெரியாது. என் வீட்டில் இதே காரை ஓட்டும் இன்னொருவரிடம் சொல்லாமல் ஒருமுறை பாரைக் கழற்றி வைத்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

அந்தத் தயக்கத்தில் டவருக்கு எவ்வளவு பங்கு என்பதும் பின்னால்தான் புரிந்தது. சாலையிலிருந்து டவர் வரை டயரின் பக்கச்சுவர், லோயர் ஆர்ம் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்), ஸ்டீயரிங் ராக் புஷ், ஸ்ட்ரட் உச்சியில் இருக்கும் டாப் மவுண்ட் ரப்பர் என்று நெளியும் சாமான்கள் வரிசையாக இருக்கின்றன. வரிசையில் எது அதிகம் நெளிகிறதோ அதுதான் மொத்த உணர்வையும் தீர்மானிக்கும். லோயர் ஆர்ம் புஷ்களும் டாப் மவுண்டுகளும் தேய்ந்து மாற்றிய அன்று கிடைத்த மாற்றம், பார் தந்ததைப் போலப் பல மடங்கு. புஷ் வெடித்துப்போன காரில் ஸ்ட்ரட் பார் போடுவது வீண்.

சொகுசு விஷயம். ஸ்பிரிங்கையோ ஷாக்கையோ தொடவில்லை என்பதால் கார் பொதுவாக இறுகிவிடாது. ஆனால் இடது சக்கரம் சாலை ஓரத்து விளிம்பில் ஏறி இறங்கும்போது, முன்பு ஒரு பக்கமாக மட்டும் கேட்ட ‘டொக்’ இப்போது டேஷ்போர்டு முழுக்கப் பரவிக் கேட்கிறது. முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி இருக்கும் வேகத்தடையில் எந்த மாற்றமும் இல்லை. இந்த விறைப்பின் பக்க விளைவு தயாரிப்பாளர்களுக்கும் தெரிந்ததுதான். சுபாருவின் எஸ்டிஐ (அதன் பந்தயப் பிரிவு) பாரில் நடுவே ஒரு பில்லோ பால் (உருண்டை) மூட்டு வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் முட்டுக்கொடுக்கும், மேலும் கீழும் மடங்கும். யமஹா விறைப்பான கம்பிக்குப் பதிலாக, அதிர்வை உறிஞ்சும் டேம்பரையே பாடியில் மாட்டும் வழிக்குப் போனது.

வாங்குகிறவர்கள் நுனிகளை முதலில் பாருங்கள். தடித்த, பளபளக்கும் குழாயின் நுனியில் ஒற்றை போல்ட்டில் ஆடும் கீல் இருந்தால், அந்தப் பார் நேராக இழுக்கவும் தள்ளவும் மட்டுமே உதவும். என் பார் தட்டோடு சேர்த்து வெல்டு செய்த ஒற்றைத் துண்டு. திருகி நீளத்தை மாற்றும் வகை என்றால், தொட்டு நிற்கும் அளவுக்கு முறுக்கினால் போதும். டவர்களையே தள்ளி வைக்கும் அளவுக்கு முறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சக்கரத்தின் சாய்வான கேம்பரைக் கெடுத்துக்கொள்வதற்கு நல்ல வழி அது.

மாட்டும்போது கார் நான்கு சக்கரத்திலும் சமதளத்தில் நிற்கட்டும். ஜாக்கில் தூக்கினால் துளைகள் சேராமல் போகலாம், ஸ்ட்ரட்டும் கீழே நழுவலாம். சுற்றியிருக்கும் மவுண்ட் நட்டுகளை மட்டும் கழற்றுங்கள்; நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது, அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பாரின் தட்டு, நட் மாட்டும் மரைத்தண்டான ஸ்டட்டின் நீளத்தில் ஒரு பகுதியைச் சாப்பிட்டுவிடும், எனவே நட் முழுதாக மரையில் இறங்குகிறதா என்று பாருங்கள். இறுக்கத்துக்குக் கார் மேனுவலில் உள்ள டார்க் அளவுதான். பானெட்டை மூடும் முன் பாரின் மேல் களிமண் உருண்டை வைத்து மூடித் திறந்தால் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் எகிறுவதற்கும் இடம் வேண்டும்.

முதல் மழைக்காலம் முடிந்து கழற்றியபோது தட்டுக்கு அடியில் டவரின் பெயின்ட் தேய்ந்து, ஓரத்தில் துரு பொட்டுப் பொட்டாக எட்டிப் பார்த்தது. சுரண்டி, பிரைமர் அடித்து, கிரீஸ் பூசி மாட்டினேன். பிறகு தொந்தரவு இல்லை. மோதல் பற்றியும் ஒன்று: ஒரு டவரில் பலமான அடி விழுந்தால் பார் அதை மறு டவருக்கும் கடத்தும், பழுது ஒரு பக்கத்தோடு நிற்காமல் போகலாம்.

ஆசையில் பின்னாலும் ஒரு பார் போட்டுப் பார்த்தேன். டார்ஷன் பீம் அச்சில் பக்கவாட்டு விசை பீமின் மவுண்ட்டுகள் வழியே பாடிக்குப் போகிறது. ஷாக்கின் உச்சிக்கு மேலும் கீழுமான வேலை மட்டும்தான். ஓட்டும்போது எந்த வித்தியாசமும் இல்லை, பின் சீட்டை மடித்துப் பெரிய பெட்டி எதையும் தள்ள முடியவில்லை. கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். முன்னால் இருப்பதை மட்டும் எடுக்கவில்லை.