ஒரே கூட்டாளியா, பல மைய வலையமைப்பா?

புதுச்சேரியில் இருந்துகொண்டு இணையமும் சமூகமும் பற்றி வெளிநாட்டோடு சேர்ந்து ஆராய இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஒரே கூட்டாளி. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் (ஐ.டி.ஆர்.சி.) உதவியோடு, புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்கள் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரத்தை எடுத்து, மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கட்டுமரம் இறக்கலாமா என்பதற்கு விடியும் முன்னே பதில்! என்ன வேண்டும் என்பதை ஊர்க்காரர்களிடமே கேட்டார்கள். ஒரு குறை: பணம் ஒரே கையிலிருந்து வருகிறது, அது நின்றால் எல்லாம் ஆட்டம் காணும்.

இன்னொன்று, 2012-ல் உருவான இணையம், சமூக ஆய்வு மையங்களின் உலக வலையமைப்பு மாதிரி. ஹார்வர்டின் பெர்க்மன் கிளைன் மையம், பெர்லினின் ஹம்போல்ட் நிறுவனம் போன்றவை அதில் உண்டு. ஒரே கேள்வியைப் பல நாடுகளில் கேட்டு ஒப்பிடலாம். சட்டம், கொள்கைக்கு இது அருமை. ஆனால் கேள்வி பொதுவாகிவிடும். வீராம்பட்டினத்து அலை அதில் தெரியாது. போதாததற்கு, நேர வித்தியாசத்தால் ஹார்வர்டு இருக்கும் பாஸ்டன் பக்கத்தோடு பேச நாம் ராத்திரியில் விழித்திருக்க வேண்டும்.

மீனவர்கள் கைப்பேசியைப் பயன்படுத்துவது பற்றிய ஆய்வு என்றால் நான் முதல் வழிக்கே போவேன். தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்றால், சரி, இரண்டாவது.