ஓட்டுக்கூரை: திருத்தி மூன்று மாரிக்குப் பிறகு

புதுக்குடியிருப்பிலிருந்து மச்சான் போன கிழமை கேட்டான்: "ஓட்டைக் கழட்டிப்போட்டு சீற் (கூரைத் தகடு) அடிக்கவா, இல்லாட்டித் திருத்தவா?" தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம், 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. அதில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாயோடு கைக்காசும் போட்டு, ஓட்டைத் தாங்கப் பனைச் சிலாகை அடித்து ஓடு போட்டோம். ஏறக்குறைய 1100 ஓடு. ஏழு மாரி ஒரு சொட்டு ஒழுக்கில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரையேறியபோது கிழக்குப் பக்கத்தில் நாற்பது, ஐம்பது ஓடு கிளம்பிவிட்டது. முகட்டு ஓடும் சரிந்தது. தை பிறந்ததும் ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்தோம். இரண்டே நாளில் வேலை முடிந்தது என்றார். காசும் கொடுத்தாயிற்று.

அவர் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. உடைந்த சிலாகைக்குப் பதில் பச்சை மரத்தை அடித்திருந்தார். வெயில் ஏற ஏற அது வளைந்தது. மேலே போட்ட ஓடு வேறு தொழிற்சாலை அச்சு. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஓட்டின் விளிம்பு பக்கத்து ஓட்டின் காடிக்குள் (பள்ளக் கோட்டுக்குள்) இறங்கி உட்கார வேண்டும். அச்சு மாறினால் உட்காராது. விரல் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியை மறைக்கச் சீமெந்தைக் குழைத்து மேலால் அப்பிவிட்டுப் போய்விட்டார்.

நியாயத்துக்குச் சொல்கிறேன்: அது புயல் முடிந்த கையோடு எல்லோரும் ஆள் தேடிய நேரம். ஓட்டுக்கும் தட்டுப்பாடு. ஒட்டுசுட்டானில் ஒருகாலத்தில் ஓட்டுத் தொழிற்சாலையே இருந்தது, போரோடு மூடிப்போனது. இப்போது தங்கொட்டுவைப் பக்கமிருந்து லொறியில் வருவதைத்தான் வாங்கவேண்டும். வேறு அச்சு ஓடு கொண்டுவந்ததை மன்னிக்கலாம். சீமெந்து அப்பியதை மன்னிக்கவே மாட்டேன். ஓடு வெயிலுக்கு விரியும், மழைக்குச் சுருங்கும். சீமெந்து அதோடு சேர்ந்து அசையாமல் மயிர்க்கோடாக வெடிக்கும். அந்த வெடிப்பு தண்ணீரை உறிஞ்சி உள்ளே சிலாகைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த மாரியில் அறைக்குள் நாலு சட்டி வைத்தோம். நெல்லு மூட்டை இரண்டு முளைத்துப் போனது. அவருக்குப் பத்துத் தடவை அழைத்திருப்பேன்; எடுக்கவில்லை.

2022 ஆவணியில் முள்ளியவளையிலிருந்து ஒரு வயதான மேசன் ஐயா வந்தார். முதல் வேலையாகக் கதவு யன்னலைச் சாத்தச் சொல்லி, இருட்டுக்குள் நின்று கூரையைப் பார்த்தார். வெளிச்சம் ஊசிபோல எங்கெல்லாம் இறங்கியதோ அங்கெல்லாம் கரிக்கட்டியால் அடையாளம் போட்டார். "தம்பி, தண்ணி சொட்டுற இடம் வேற, பூருற இடம் வேற. கைமரத்தைப் பிடிச்சு ஓடிவந்து பிறகுதான் விழும்" என்றார். நாங்கள் ஒரு வருடமாகச் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் தேடியிருக்கிறோம்!

அப்புறம் கிழக்குப் பக்கம் முழுவதையும் இறக்கினார். ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிக் காதருகே பிடித்தார். ணங் என்றால் ஒரு பக்கம், பொத்தென்றால் மற்றப் பக்கம். சீமெந்து ஒட்டியதில் 140 ஓடு கழட்டும்போதே நொறுங்கியது. நல்ல ஓடுகள், பாவம். மிச்சத்தை அச்சுப் பார்த்துப் பிரித்தார். வாடைக்காற்று மழையை அடிக்கிற கிழக்குப் பக்கத்துக்கு ஒரே அச்சு, கலப்பு எல்லாம் பின் விறாந்தைக்கு. சிலாகை இடைவெளியை அளவு நாடாவால் அளக்கவில்லை. ஓட்டையே வைத்து அளந்தார். இறவாரத்து வரிசையைக் கட்டுக்கம்பியால் கட்டினார். முகட்டுக்குச் சுண்ணாம்பு கலந்த சாந்து, அதுவும் ஓட்டுக்கு அடியில் மட்டும். எட்டு நாள் எடுத்தது. கூலி, பனைச் சிலாகை, ஓடு எல்லாமாகக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுத்ததைப் போல இரண்டரை மடங்கு.

மூன்று மாரி போய்விட்டது. 2024 கார்த்திகைக் கடைசியில் நாள் கணக்காகக் கொட்டிய மழையில் விடிய விடிய விழித்திருந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. சித்திரை மத்தியானத்திலும் உள்ளே பாய் போட்டுப் படுக்கலாம். பக்கத்து வீட்டுச் சீற் கூரைக்குக் கீழே அந்த நேரம் நிற்கவே ஏலாது.

ஆனால் குரங்கு. அதற்கு மருந்தில்லை. வீரை மரத்திலிருந்து கூட்டமாகக் குதிக்கும்போது மாதம் மூன்று நாலு ஓடு போகிறது. வெடி கொளுத்தினால் இரண்டு நாள் வராது, அவ்வளவுதான். ஏறி மாற்ற நான் இருக்கிறேன், எனக்கும் முழங்கால் முன்னைப்போல இல்லை. ஐயாவும் இப்போது கூரை ஏறுவதில்லை. அவர் பிடித்த பிடியில் வேலை தெரிந்த வேறொருவரை இதுவரை நான் காணவில்லை.

ஆகவே மச்சான், நீ சீற் அடி. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதே. உன் வீட்டில் ஏற ஆள் இல்லை, பின்னால் காடு. நான் என் ஓட்டைக் கழட்ட மாட்டேன், அது வேறு. ஒன்று மட்டும் செய்: இறக்கும்போது எறியாமல் கைமாற்றி இறக்கச் சொல்லு. முதலில் ஒரு ஓட்டின் அடிப்பக்க முத்திரையைப் படமெடுத்து அனுப்பு. எங்கள் அச்சென்றால் ஏற்றிவர உழவு இயந்திரத்தோடு நானே வருகிறேன்.