யூஎஸ்பி டிரைவா, கிரீஸ்வீசிலா? பழைய ஃபிளாப்பிக்கு எது சரி?

பழைய ஃபிளாப்பிகளிலிருந்து கோப்புகளை எடுக்க இரண்டு வழிகளையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒன்று, செருகியதும் வேலை செய்யும் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ். மற்றது, கீர் ஃபிரேசர் வடிவமைத்த கிரீஸ்வீசில் என்னும், பழைய டிரைவைக் கணினியின் யூஎஸ்பியில் இணைக்கும் சின்ன போர்டு. இதற்கு பழைய பிசியில் இருந்த டிரைவ், 34 பின் கேபிள், டிரைவுக்கான மின்சாரம் எல்லாம் தனியாகத் தேட வேண்டும். அவ்வளவு தொல்லை இருந்தும் இப்போது நான் பயன்படுத்துவது இதைத்தான்.

யூஎஸ்பி டிரைவின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது: மலிவு, எளிது. டாஸிலோ விண்டோஸிலோ எழுதிய 1.44 எம்பி டிஸ்க், அதுவும் நல்ல நிலையில் இருந்தால், பென் டிரைவ் போலத் திறந்து நகலெடுக்கலாம். 720 கேபி டிஸ்க்கைச் சில மாடல்கள் ஏற்காது. அமிகா என்ற பழைய கணினியின் 880 கேபி, பழைய மேக்கின் 800 கேபி டிஸ்க்குகளைப் படிக்கவே படிக்காது. 5.25 இன்ச்சுக்கு அதில் இடமே இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது இதுவல்ல, கெட்டுப்போன செக்டர்தான் (செக்டர் என்பது டிஸ்க்கில் தரவு பதியும் சிறு துண்டு). அந்த இடம் வந்ததும் யூஎஸ்பி டிரைவ் கரகரவென்று திரும்பத் திரும்ப முயலும்; கடைசியில் படிக்க முடியவில்லை என்று ஒற்றை வரியில் கையை விரித்துவிடும். அதற்குள் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் அதே இடத்தை எத்தனை முறை தேய்த்திருக்கும்! டிஸ்க்கின் நகரும் மூடியான ஷட்டரைத் தள்ளிப் பாருங்கள், பூஞ்சைப் புள்ளிகளோ மெல்லிய வட்டக் கீறலோ தெரிந்தால் அந்த டிஸ்க் அதிகம் தாங்காது. உதிரும் பூச்சு ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த டிஸ்க்கையும் கீறும் (ஹெட்டைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் பக்கத்திலேயே இருக்கட்டும்).

கிரீஸ்வீசில் செக்டரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. காந்தத் திசை மாறும் நேரங்களை, அதாவது ஃபிளக்ஸை, ஒவ்வொரு டிராக்கிலும் (டிஸ்க்கின் வட்டப் பாதை) சில சுற்றுகள் அப்படியே பதிந்துகொள்ளும். அப்புறம் டிஸ்க்கை எடுத்து வைத்துவிடலாம். மிச்ச வேலையெல்லாம் அந்தக் கோப்பின் மேல்தான், எத்தனை முறை வேண்டுமானாலும். ஒரு சுற்றில் பிழையாக வந்த செக்டர் இன்னொரு சுற்றில் சரியாகக் கிடைப்பதுண்டு. 18-க்கு 17 செக்டர் என்று டிராக் வாரியாகத் திரையில் காட்டிவிடுவதால், எது போனது என்றும் தெரிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. அதன் சொந்த மென்பொருள் கட்டளை வரியில்தான் இயங்கும். ஃபிளக்ஸ் கோப்புகளும் டிஸ்க்கின் கொள்ளளவைவிடப் பல மடங்கு பெரியவை. நாலைந்து விண்டோஸ் டிஸ்க் மட்டும் வைத்திருப்பவருக்கு யூஎஸ்பி டிரைவே போதும், வீண்செலவு வேண்டாம்.

திரும்ப எழுதுவதிலும் கிரீஸ்வீசில்தான் முந்துகிறது. அமிகா டிஸ்க்கைக்கூட எழுதித் தரும். 5.25 இன்ச்சில் மட்டும் கவனம். 1.2 எம்பி டிரைவின் ஹெட் குறுகலானது. ஏற்கெனவே எழுதப்பட்ட 360 கேபி டிஸ்க்கில் அதை வைத்து மேலெழுதினால், பழைய டிராக் முழுதாக அழியாது. 360 கேபி டிரைவ் அதைப் படிக்கத் திணறும். பழைய இயந்திரத்திற்குக் கோப்பு கொண்டுபோவது மட்டும்தான் தேவை என்றால், டிரைவையே கழற்றிவிட்டு, ஃபிளாப்பி டிரைவ் போலவே நடிக்கும் கோடெக் (Gotek) எமுலேட்டரைப் பொருத்தி, பென் டிரைவில் இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல் கோப்பு) போட்டுக்கொள்வது மேல். 8 இன்ச் டிஸ்க்குகளை நான் தொட்டதில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.