14416: தம்பிக்காகக் கூப்பிட்ட அண்ணனின் அனுபவம்

போன ஆடி மாதம் என் தம்பி உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தான். பிழைத்துக்கொண்டான். கேட்டவர்களிடமெல்லாம் "ஃபுட் பாய்சன்" என்று சொல்லிவைத்தோம். ஆறு நாள் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். உடம்பை நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ், "பெத்தவங்களை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தியா?" என்றார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான், அன்று முழுக்கப் பேசவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மனநல டாக்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக்கு வந்த ராத்திரி அவனிடம் என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை. மொட்டை மாடிக்குப் போய் 14416-ஐக் கூப்பிட்டேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்றும் சொல்கிறார்கள். காசு கிடையாது, எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

பிரச்சினை எனக்கில்லை, தம்பிக்கு என்றேன். "சரி சார், நீங்க தூங்கி எத்தனை நாள் ஆச்சு?" என்று என்னைக் கேட்டார் போனை எடுத்த பெண். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. குரல் உடைந்துவிட்டது.

அப்புறம் கேட்டார்: "மறுபடி சாகணும்னு தோணுதான்னு அவர்கிட்ட நேரா கேட்டீங்களா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறந்திருப்பவனுக்கு நாமே ஞாபகப்படுத்துவதா? அப்படி ஆகாதாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, உள்ளே இருப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. கேட்டுவிட்டு அறிவுரையை ஆரம்பிக்காமல் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார். ஆபத்தான எதுவும் அவன் கைக்கு எட்டக்கூடாது என்றார். அன்றைக்கே அம்மாவின் சர்க்கரை மாத்திரை டப்பாகூட என் ஜெராக்ஸ் கடை லாக்கருக்குப் போய்விட்டது.

போலீஸ் கேஸ் பயமும் இருந்தது. 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுப்படி, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்க முடியாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. இதைப் பின்னால் நானே தேடிப் படித்துக்கொண்டேன்.

மறுநாள் அடுப்படியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். "டேய், மறுபடி சாகணும்னு தோணுதாடா?" கேட்டுவிட்டேன். கை நிற்கவில்லை. நாலு கடலை உரித்த பிறகு, "காலைல தோணுது. சாயங்காலம் அவ்வளவா இல்ல" என்றான். வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து காலையில் கடை ஷட்டரை இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்குகிறோம்.

போனிலேயே எல்லாம் தீரும் என்று நினைத்துக் கூப்பிடாதீர்கள். மருந்து தேவையென்றால் ஆளை நேரில் கூட்டிப்போகத்தான் வேண்டும். எங்களை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள், போய்க்கொண்டிருக்கிறோம். தம்பிக்கு 14416-ஐவிடச் சென்னையில் இருக்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவைத்தான் (044-24640050) பிடித்திருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கியது. அங்கே தன்னார்வலர்கள் தீர்ப்பு சொல்லாமல் காது கொடுத்துக் கேட்கிறார்கள். எனக்கு அது சரிப்படாது, 'இதைச் செய்யுங்கள்' என்று யாராவது சொன்னால்தான் எனக்கு நிம்மதி. அவனுக்கோ சொல்லச் சொல்லக் கேட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை அத்தை பார்க்க வருகிறார். ஃபுட் பாய்சன் என்றே சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம்ணே, நானே சொல்லிக்கறேன்" என்றான்.