கிரியேட்டினின்: ஜாஃபேயா, என்சைமா?

ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் (தசையில் உண்டாகி சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.4 என்று வந்தால் உடனே சிறுநீரகத்தைச் சந்தேகப்படுகிறோம், எந்த முறையில் அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "ஜாஃபே" என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துவிடுவதோடு சரி.

ஜாஃபே வினை 1886-ல் வந்தது. இன்னும் பல லேப்களில் ஓடக் காரணம் விலைதான். காரக் கரைசலில் பிக்ரிக் அமிலமும் கிரியேட்டினினும் சேர்ந்தால் ஆரஞ்சு-சிவப்பு நிறம் வரும், அதை அளக்கிறோம். ஆனால் பிக்ரேட்டுக்கு (காரத்தில் பிக்ரிக் அமிலம் எடுக்கும் வடிவம்) ஆள் அடையாளம் தெரியாது: புரதம், குளுக்கோஸ், அசிட்டோஅசிடேட் (ஒரு கீட்டோன்), செஃபாக்சிடின் (ஒரு ஆன்டிபயாடிக்) எல்லாம் அதே மாதிரி நிறம் கொடுத்து அளவைக் கூட்டிக் காட்டும், மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபினோ நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். கைனெடிக் ஜாஃபே இதைப் பாதி சரிசெய்கிறது. அசிட்டோஅசிடேட் முந்திக்கொண்டும் புரதம் தாமதமாகவும் வினைபுரிவதால், நடுவிலுள்ள நொடிகளில் மட்டும் நிறம் மாறும் வேகத்தை அளக்கிறார்கள்.

என்சைம் முறையில் கிரியேட்டினினேஸ், கிரியேட்டினேஸ், சார்கோசின் ஆக்சிடேஸ் என்று வரிசையாகப் போய், கடைசியில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பெராக்சிடேஸ் நிறமாக்குகிறது. குறிவைத்தது கிரியேட்டினினை மட்டும். ரீஏஜென்ட் விலைதான் பல மடங்கு. இதுவும் ஏமாறும்: டோபமின் மருந்து ஏறும் லைனிலிருந்தே ரத்தம் எடுத்தால் அளவு பொய்யாகக் குறையும்.

அப்படியானால் எதை எடுப்பது? சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று சாதாரணமாகப் பார்க்கும் பெரியவருக்குக் கைனெடிக் ஜாஃபே போதும், கூடுதல் செலவு வீண் என்பது என் கருத்து. பச்சைக் குழந்தைக்கு அப்படி இல்லை. முதல் சில வாரங்களில் உண்மையான அளவே 0.3 மி.கி./டெ.லி. பக்கம் இறங்கிவிடும், அதில் புரதம் 0.2 கூட்டினால் 0.5 ஆகிவிடும். அங்கே என்சைம்தான், பேச்சே வேண்டாம். கடும் மஞ்சள் காமாலைக்கும் அதுவே நல்லது.

கீட்டோஅசிடோசிஸ்தான் (நீரிழிவில் இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் குவியும் நிலை) உண்மையிலேயே குழப்பும் இடம். நீரிழப்பால் கிரியேட்டினின் நிஜமாகவே ஏறியிருக்கும், அதற்கு மேல் அசிட்டோஅசிடேட்டும் தன் பங்கைச் சேர்க்கும். இன்சுலின், சலைன் ஏறியதும் இரண்டும் சேர்ந்தே இறங்குவதால், சிறுநீரகம் தேறியது எவ்வளவு, கீட்டோன் போனது எவ்வளவு என்று ஜாஃபே எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது.

அப்புறம் இன்னொன்று: நாட்பட்ட சிறுநீரக நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும்போது நடுவில் லேப் மாறியிருந்தால், 1.3 எப்படி 1.5 ஆனது என்று மருந்தை மாற்றுவதற்கு முன் இரண்டு இடத்திலும் எந்த முறை என்று போன் போட்டுக் கேளுங்கள்.